வரிசையில் காத்திருக்கும் கதைகள்: ஒரு சிறார் இலக்கிய இதழின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இதழ் ஒரு காலாண்டிதழ். வாசிப்பிலும் எழுத்திலும் ஏற்கெனவே பிடிப்புள்ள 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஏ5 அளவு, உள்ளே 32 பக்கம், தனி அட்டை, நடுவில் பின், 400 பிரதி. ஆசிரியர்கள் இருவர், வடிவமைப்புக்கு ஒருவர், மூவருக்கும் ஊதியமில்லை. பெயர் சொல்லக்கூடிய ஓர் இதழின் வரலாறாக இதை வாசிக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட மாதிரி இது. எண்களை மாற்றிப் போட்டால் வேறு அளவிலான இதழுக்கும் கணக்கு வரும்.

நிலைமை இதுதான். எட்டு இதழ் வந்தாயிற்று. படைப்புகள் குவிகின்றன, அச்சு ஒழுங்காக இருக்கிறது, கையில் எடுப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒருமுறை எழுதிய பிள்ளை மறுமுறை எழுதுவதில்லை. சந்தா புதுப்பிப்பும் சரிகிறது. ஆசிரியர் குழு வழக்கம்போல உள்ளடக்கத்தில் குறை தேடுகிறது: இன்னும் வண்ணம் வேண்டுமோ, புதிர்ப் பக்கம் கூட்டலாமோ, பரிசுப் போட்டி வைக்கலாமோ என்று. குறை இருப்பது பதிவேட்டில்.

பதிவேடு சொன்னது

32 பக்கத்தில் பிள்ளைகளின் படைப்புக்கு 18 பக்கம். மூன்று கதைக்கு 9, ஐந்து கவிதைக்கு 4, இரண்டு நூல் அறிமுகத்துக்கு 2, நான்கு ஓவியத்துக்கு 3. ஆக ஓர் இதழில் 14 படைப்பு. வருவது சுமார் 60. இதில் இருபதையாவது "நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம்" என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். குழந்தையிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

ஒவ்வொரு இதழுக்கும் 6 மிச்சம். நான்கு இதழில் 24, எட்டு இதழில் 48. ஒன்றுக்கு 14 என்ற வேகத்தில் இந்த 48 மட்டும் தீர மூன்றரை இதழ் பிடிக்கும், அதாவது பத்து மாதத்துக்கு மேல். அதன்மேல் தயாரிப்புக்கு இரண்டரை மாதம். ஒன்பது வயதில் எழுதிய கதை பத்து வயது கடந்தபின் அச்சில் வருகிறது. பெரியவருக்கு ஓராண்டு ஒன்றுமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தக் கதை இப்போது அவளுக்கே கூச்சமாக இருக்கும். வகுப்பில் காட்டமாட்டாள்.

இது ஒப்புக்கொள்ளப்பட்ட இருபதின் கதி. மீதி நாற்பது பேருக்குப் பதிலே போகவில்லை. "தேர்வானால் தெரிவிப்போம்" என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்களின் சிற்றிதழில் செல்லுபடியாகும் அந்த வழக்கம் இங்கே செல்லாது. பதில் வராத பிள்ளை "என் கதை மோசம்" என்று எடுத்துக்கொள்வதில்லை. "யாரும் படிக்கவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பல சமயம் அந்தக் கணிப்பு சரியாகவும் இருந்துவிடுகிறது.

நூறாண்டுக்கு முந்தைய ஒரு தீர்வு

இந்தச் சிக்கல் புதிதல்ல. அமெரிக்காவில் 1873-இல் மேரி மேப்ஸ் டாட்ஜ் ஆசிரியராக இருக்கத் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இதழ், 1899-இல் வாசகப் பிள்ளைகளுக்காக ஒரு கழகம் அமைத்தது. 18 வயதுக்கு உட்பட்ட எவரும் சேரலாம், கட்டணமில்லை. மாதந்தோறும் கதை, கவிதை, ஓவியம், நிழற்படம், புதிர் என்று போட்டி. தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம். படைப்பு அந்தப் பிள்ளையுடையதுதான் என்று பெற்றோரோ ஆசிரியரோ பொறுப்பாளரோ எழுதித் தர வேண்டும். பின்னாளில் சூழலியல் எழுத்தாளரான ரேச்சல் கார்சனின் முதல் எழுத்து அங்கே 1918-இல் அச்சானபோது அவருக்கு வயது 11.

பதக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நமக்கு அதைவிடப் பயன்படுவது அந்தக் கழகம் வெளியிட்ட கௌரவப் பட்டியல். அச்சேறும் தகுதி இருந்தும் இடமில்லாமல் போனவர்களின் பெயர்களைச் சிறிய எழுத்தில் வரிசையாகப் போட்டார்கள். படைப்பு வரவில்லை, பெயர் வந்தது. கதை ஒன்றை ஓராண்டு ஊறப்போடுவதற்குப் பதிலாக அந்த இதழிலேயே கணக்கைத் தீர்த்துவிடும் உத்தி இது. இரண்டு பக்கம் ஒதுக்கினால் நம் மாதிரி இதழில் நாற்பத்தாறு பெயரும் தாராளமாக அடங்கும்.

ஆகவே முதல் மாற்றம்: இருப்பே வைக்கக் கூடாது. ஓர் இதழுக்கு வந்ததில் 14-ஐ எடுங்கள். கூடுதலாக இரண்டே இரண்டு வைத்துக்கொள்ளலாம், கடைசி நேரத்தில் எது விலகினாலும் நிரப்ப. மீதி எல்லாவற்றுக்கும் அந்தச் சுற்றிலேயே பதில், பட்டியலில் பெயர். அடுத்த இதழுக்கு எல்லோரும் புதிதாக எழுதட்டும். ஏற்கெனவே தேங்கிய 48-ஐ என்ன செய்வது? 48 பக்கச் சிறப்பிதழ் ஒன்றில் பெரும்பகுதியைத் தீர்க்கலாம். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருந்தால் போதும், நடுப்பின்னுக்குச் சிக்கல் இல்லை. அச்சிடும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இது இப்போதும் வரலாமா?" என்று கேட்பது அவசியம். சிலர் வேண்டாம் என்பார்கள். அச்சிடும்போது எழுதிய காலத்து வயதைப் போட வேண்டும், இன்றைய வயதை அல்ல.

பத்து வாரம், நாற்பத்தோரு மணி நேரம்

கடைசித் தேதியிலிருந்து தபாலில் சேர்க்கும்வரை பத்து வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் பதிவு: வரிசை எண், பெயர், வயது, பெற்றோர் ஒப்புதல் வந்ததா, வந்துசேர்ந்த தகவல் அனுப்பியாயிற்றா. இரண்டு, மூன்றாம் வாரம் வாசிப்பு. நான்காம் வாரம் எல்லோருக்கும் பதில். ஐந்தும் ஆறும் பிள்ளையோடு சேர்ந்து திருத்தம். ஏழு பக்க வடிவமைப்பு, எட்டு மெய்ப்பு, ஒன்பது அச்சு, பத்து உறையிடுதல்.

உழைப்பைத் தனியே எழுதிப் பார்க்க வேண்டும். 60 படைப்பு, ஒவ்வொன்றையும் இருவர் தலா 8 நிமிடம் படித்தால் 16 மணி நேரம். ஒரு பதிலுக்கு 10 நிமிடம் என்றால் 60 பதிலுக்கு 10 மணி நேரம். எழுத்துப் படைப்பு பத்துக்கும் இரண்டு சுற்றுத் திருத்தம், சுற்றுக்கு முக்கால் மணி என்றால் 15. மொத்தம் 41 மணி நேரம், வடிவமைப்பு தொடங்கும் முன்பே. காகிதத்துக்கும் அச்சுக்கும் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதும் குழுக்கள் இந்த 41-ஐ எங்கும் எழுதுவதில்லை. முதலில் வெட்டுப்படுவது பதில் எழுதும் 10 மணி நேரம்தான். அதை வெட்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். நேரம் போதவில்லையென்றால் ஒருவருக்கு ஒரு படைப்பு என்று வரம்பு வையுங்கள், சொல் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆண்டுக்கு மூன்று இதழ் என்று மாற்றுங்கள். பதிலில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வாசிக்கும் இருவரும் பெயர் தெரியாமல் வாசிப்பது நல்லது, வயது மட்டும் தெரியட்டும். மதிப்பெண் போடுவது பயனற்றது. எல்லாமே 6-க்கும் 8-க்கும் நடுவில் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, படித்து முடித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு நினைவில் நிற்கும் ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். ஒரு வரியும் நிற்கவில்லையென்றால் முடிவு எளிது. இருவரும் ஒரே வரியை எழுதியிருந்தால் அதைவிட எளிது.

தேர்வுக் குழுவில் பிள்ளைகளையும் சேர்க்கலாம். நான்கைந்து பேர், நான்கு இதழுக்கு மேல் ஒருவர் தொடரக் கூடாது. பெரியவர்கள் நினைப்பதற்கு மாறாக இவர்கள் கறாரானவர்கள். தம் வயதைவிட இரண்டு வயது இளையவரின் எழுத்தை "சின்னப்பிள்ளைத்தனம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். எனவே 8–10 வயதினரின் படைப்பை 13 வயதினரிடம் மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

பதிலில் என்ன இருக்க வேண்டும்

மூன்று வாக்கியம் போதும். முதலாவது, படைப்பிலிருந்து எடுத்துக்காட்டிய ஒரு வரி. முழுவதையும் படித்தோம் என்பதற்கு அதுவே சான்று. இரண்டாவது, ஒரு கேள்வி. அறிவுரை வேண்டாம். மூன்றாவது, முடிவு: வருகிறதா, இல்லையா, அடுத்த கடைசித் தேதி எது. மாதிரிக்கு:

"'மழை நின்ன பிறகும் மரம் மட்டும் பெய்துகிட்டே இருந்தது' என்ற வரியை இரண்டு முறை படித்தோம். அண்ணன் ஏன் வீட்டுக்குள் வரவில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை, உனக்குத் தெரியுமா? இந்த இதழில் கதை வரவில்லை, பட்டியலில் உன் பெயர் வரும். அடுத்த இதழுக்கு இதையே திருத்தியோ வேறொன்றோ அனுப்பு."

"தொடர்ந்து முயற்சி செய், வாழ்த்துகள்" என்று ஒரே அச்சுக் கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவதைவிட அனுப்பாமலே இருக்கலாம். ஒரே வகுப்பில் இருவருக்கு அது போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

திருத்தத்தின் எல்லை

மேலே சொன்ன வரியை ஒரு நல்ல தமிழாசிரியர் கையில் கொடுத்தால் "மழை நின்ற பிறகும் மரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது" என்று திருத்தித் தருவார். பிழை இல்லை, வரியும் இல்லை. சிறார் இதழ்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் எழுதுவதுபோலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அது பிள்ளைகளின் குரல் அல்ல, ஆசிரியரின் குரல்.

ஒற்றுப்பிழை, ல–ள–ழ, ர–ற, ண–ன மயக்கம் இவற்றைக் கேட்காமலே திருத்தலாம். நிறுத்தற்குறியும் அப்படியே. இப்போது பல கதைகள் கைபேசியில் பேசித் தட்டச்சானவை, ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரே மூச்சில் வரும். எங்கே மூச்சு விடுவது என்பது மட்டும் எழுதியவரைக் கேட்டு வைக்க வேண்டியது. கதை முழுவதும் பேச்சுநடையில் இருந்தால் அப்படியே விடுங்கள். நடுவில் மாறி மாறி வந்தால் எது வேண்டும் என்று கேளுங்கள். சொல்லை மாற்றாதீர்கள். கட்டுரையில் திமிங்கிலம் முட்டையிட்டால் கேட்டாக வேண்டும். கதையில் இட்டால் அது கதையின் விவகாரம்.

பெரும் தலைவலி கடைசிப் பத்தி. "ஆகவே நாம் அனைவரும்..." என்று தொடங்கும் நீதி. வெட்டிவிடக் கை பரபரக்கும். வெட்டாமல், கடைசி வரி இருப்பதும் இல்லாததுமாக இரண்டு படியை அனுப்பி எது பிடிக்கிறது என்று கேட்பது முறை. பெரும்பாலானோர் இல்லாததைத் தேர்வார்கள். நீதியை எழுதச் சொன்னது யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இது பிள்ளை எழுதியதுதானா?

வயதுக்குப் பொருந்தாத சொல், வழுவழுப்பான நடை, சமமான பத்திகள், முடிவில் நீதி. பெற்றோர் கைபட்டதோ இயந்திரம் எழுதியதோ, அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டறியும் மென்பொருளை நம்ப வேண்டாம். நன்றாக எழுதும் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிடும், அந்தக் காயம் ஆறாது. பதிலாக, எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று வையுங்கள்: கதையோடு, கையால் எழுதிய ஒரு பக்க முன்வரைவின் படமும் வர வேண்டும். தேர்வான பின் ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, பெற்றோர் உடனிருக்க. கேட்க ஒரே கேள்வி போதும்: "இதில் எழுதிவிட்டு எடுத்த பகுதி எது?" எழுதியவருக்கு அது மறக்காது, நிறுத்தாமல் பேசுவார். எழுதாதவர் அம்மாவைப் பார்ப்பார்.

ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. படைப்பின் உரிமை பிள்ளையுடையது, இதழுக்கு ஒருமுறை அச்சிடும் அனுமதி மட்டுமே, தொகுப்பு நூலுக்குத் தனியே கேட்போம், அச்சுக்குப் போகும்வரை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ளலாம். கையெழுத்து பெற்றோருடையது, கீழே பிள்ளையுடையதும். இதழில் பெயரும் வயதும் போதும், பள்ளி வேண்டாம், ஊர் வேண்டாம், முகப்படம் வேண்டாம். ஓவியத்தைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரம் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரலாம். இணையத்தில் ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

அரிதாக, ஒரு கதை கதையாக இல்லாமல் முறையீடாக இருக்கும். அடி, பயம், வீட்டில் யாரோ ஒருவர். அதை அச்சிடுவதா வேண்டாமா என்பது அப்போது இரண்டாவது கேள்வி. பிள்ளையைத் துருவி விசாரிக்கக் கூடாது, உடனே வீட்டுக்குச் சொல்வதும் ஆபத்தாகலாம். குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்பிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். யாரிடம், எந்த எண்ணில் என்பதை முதல் இதழுக்கு முன்பே எழுதி ஆசிரியர் மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. அந்த நாள் வரும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

அச்சு மேசையில்

ஏ5 பக்கத்தில் 13 புள்ளி எழுத்தும் 19 புள்ளி வரி இடைவெளியும் வைத்தால் சுமார் 150 தமிழ்ச் சொல் அடங்கும். படமும் வேண்டுமென்றால் மூன்று பக்கக் கதைக்கு 400 சொல்தான் வரம்பு. அறிவிப்பில் 800 என்று போட்டுவிட்டுப் பின்னர் வெட்டுவது அநியாயம். எட்டு வயதினருக்கான பக்கத்தில் 14 புள்ளி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையில் ஓடை ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்து வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கொம்பு பிரிந்து அச்சாவது இன்னும் நிற்கவில்லை. யூனிகோட் எழுத்தைப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ஒட்டும்போது அதிலுள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லையென்றால் "கொ" உடைந்து நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் உள்ள கோப்பை மாற்றும்போது வேறு வகைப் பிழை வரும். மெய்ப்பைக் கணினித் திரையில் பார்த்தால் போதாது. அச்சகத்துக்குப் போகும் அதே பிடிஎஃபைத் தாளில் எடுத்துப் படிக்க வேண்டும்.

ஓவியங்களை 300 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். மெல்லிய பென்சில் கோடு அச்சில் காணாமல் போகும். ஒளிரும் ஸ்கெட்ச் நிறங்கள் சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் மங்கிவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை, முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிள்ளைகள் தாளின் ஓரம்வரை வரைவார்கள். வெட்டில் 3 மில்லிமீட்டர் போனால் சூரியனில் பாதி போகும். எனவே ஓவியத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டு வைப்பதே பாதுகாப்பு.

ஆஃப்செட்டில் அடிப்பதாக இருந்து, எட்டுப் பக்கத்துக்கு மட்டும் வண்ணம் கட்டுப்படியாகும் என்றால், அவை எந்த எட்டு என்பதை நாம் முடிவுசெய்ய முடியாது. 32 பக்கம் இரண்டு ஃபாரமாக (ஒரு ஃபாரம் என்பது புறத்துக்கு எட்டாக 16 பக்கம் அச்சிட்டு மடித்த ஒரு பெரிய தாள்) ஒன்றுக்குள் ஒன்று செருகப்படும்போது உள் ஃபாரத்தில் 9 முதல் 24 வரை இருக்கும். அதன் வெளிப்புறத்தில் விழுபவை 9, 12, 13, 16, 17, 20, 21, 24. நடுவிரிப்பான 16–17 அதில் இருப்பது அதிர்ஷ்டம். 10-ஆம் பக்கத்தில் வண்ண ஓவியம் வைத்துவிட்டு அச்சகத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. அச்சகத்தின் மடிப்பு முறை மாறினால் இந்த எண்களும் மாறலாம். ஏழாம் வார வடிவமைப்புக்கு முன்பே வெற்றுத்தாளை மடித்து எண்ணிட்ட ஒரு மாதிரியை அவர்களிடமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எடையும் முன்பே பார்க்க வேண்டியது. உள்ளே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டை 170 ஜிஎஸ்எம் என்றால் ஒரு பிரதி 50.4 கிராம், உறை இல்லாமலே. தபால் கட்டணப் படி 50 கிராமில் மாறுகிறது என்றால், இந்த அரைக் கிராமுக்காக 400 பிரதிக்கும் அடுத்த படிக் கட்டணம். உள்ளே 70, அட்டை 130 என்று குறைத்தால் 42.9. ஏழு கிராம் உறை சேர்ந்தால் 49.9, ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் உறிஞ்சினாலும் தாண்டிவிடும். இரண்டு கிராம் காகிதப் பட்டை சுற்றினால் 45-க்குள் நிற்கும். 70 ஜிஎஸ்எம் தாளில் மறுபக்கத்துக் கரும்படம் ஊடுருவித் தெரியும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. அப்படிப்பட்ட படத்தின் முதுகில் கவிதை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான அச்சுப்பிழை பிள்ளையின் பெயரில் வருவது. தருண் 'தருன்' ஆகிவிட்டால் அந்த இதழ் அந்த வீட்டில் யாருக்கும் காட்டப்படாது. பெயர்களை மட்டும் தனித்தாளில் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பிச் சரிபார்க்க எட்டாம் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பட்டியலில் வரும் 46 பெயர்களுக்கும் சேர்த்துத்தான்.

எழுதாத வாசகரும் சந்தாப் பணமும்

பிள்ளைகளின் படைப்பை மட்டுமே அச்சிடும் இதழை எழுதிய பிள்ளையின் குடும்பம் மட்டுமே வாங்கும். மீதி 14 பக்கம் அதற்காகத்தான். தேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் கதைக்கு 6, வாசகர் கடிதத்துக்கு 2, எழுத்துப் பயிற்சிக்கு 2, புதிருக்கு 1, ஆசிரியர் குறிப்பும் பொருளடக்கமும் 1, பெயர்ப் பட்டியலுக்கு 2. அந்த ஆறு பக்கக் கதை பாதியில் நின்று அடுத்த இதழில் தொடர்ந்தால், புதுப்பிக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

புதுப்பிப்புச் சரிவில் ஒரு பகுதி இயல்பானது. 8 முதல் 14 என்றால் ஏழு வயதுப் படி. வாசகர்கள் சீராகப் பரவியிருந்தால் ஆண்டுக்கு ஏழில் ஒருவர், 100-க்கு 14 பேர், வயது கடந்து போய்விடுவார்கள். அதற்கு மேல் குறைவதைத்தான் இதழின் குறையாக எண்ண வேண்டும். போகிறவர்களுக்கு வாசிப்புக் குழுவில் இடம் கொடுக்கலாம்.

ஆண்டுச் சந்தா வந்த அன்றே நான்கு பங்காக்கி, ஓர் இதழ் தபாலில் சேர்ந்தபின்தான் ஒரு பங்கைக் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னும் அச்சாகாத இதழுக்கான பணம் கடன். முதல் இரண்டு இதழை வழவழப்புத் தாளில் போட்டு நான்கு பங்கையும் தீர்த்துவிட்டு, மூன்றாவதுக்குப் புதுச் சந்தாவை எதிர்பார்ப்பதுதான் சிற்றிதழ்கள் நிற்கும் வழக்கமான முறை.

நிறுத்த நேர்ந்தால் நிறுத்தலாம், ஆனால் சொல்லிவிட்டு. மிச்சப் பங்கைத் திருப்பிக் கொடுத்து, ஒப்புக்கொண்டு அச்சேறாதவற்றை எழுதியவர்களுக்கு அனுப்பி, வேறெங்கும் தர உரிமை உண்டு என்று எழுதித் தந்துவிடுங்கள். தொடர்கதை பாதியில் நின்றிருந்தால் அதன் மீதிப் பகுதியைத் தனித்தாளாக அச்சிட்டு எல்லாச் சந்தாதாரர்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் செலவுக்கான தொகையைத் தொடரின் முதல் அத்தியாயம் வரும்போதே ஒதுக்கிவிடுங்கள்.